எட்டாத பந்தின் கணக்கு

பேஸ்பாலில் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டால் அந்த ஃபீல்டர் பேரில் ஒரு 'பிழை' ஏறும். எட்டாமல் பக்கத்தில் உருண்டோடிய பந்துக்கு அவர் பேரில் எதுவும் ஏறாது. அடித்தவருக்கு அது 'ஹிட்'. மெதுவாக ஓடுகிறவர் பந்தை நெருங்குவதே இல்லை, அதனால் பிழையும் செய்வதில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஃபீல்டிங் பற்றிய தீர்ப்பைக் கோணலாக்கியது இந்த வழக்கம்தான். புதுச் சூத்திரங்கள் வந்து அதை நிமிர்த்தின என்பார்கள். நிமிர்த்தியது சூத்திரமல்ல, குறிப்பேடு என்பேன். ஏனென்றால் யோசனை பழையது. பிழை குறைந்தவரைவிட அதிகம் பேரை அவுட்டாக்க உதவியவரே மேல் என்று பேஸ்பால் பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக் 19ஆம் நூற்றாண்டிலேயே வாதாடினார். 1970களில் பேஸ்பால் எழுத்தாளர் பில் ஜேம்ஸ் 'ரேஞ்ச் ஃபேக்டர்' என்று போட்டதும் ஏறக்குறைய அதே கணக்குதான். இரண்டுக்கும் ஒரே குறை: ஃபீல்டர் எத்தனை பந்து பிடித்தார் என்று தெரியும், எத்தனை அவர் பக்கம் வந்தன என்று தெரியாது.

அந்த வகுத்திக்கு வழி பிறந்தது 1984இல், 'ப்ராஜெக்ட் ஸ்கோர்ஷீட்' தொண்டர்கள் அடிக்கப்பட்ட பந்து போன இடத்தைக் குறிக்கத் தொடங்கியபோது. பிறகு புள்ளிவிவர ஆய்வாளர் ஜான் டுவன் மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டார். பலன் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே) நின்ற டெரெக் ஜீட்டர் விஷயத்தில் பளிச்சென்று தெரிகிறது. 2010இல் அவர் செய்த பிழைகள் 6. அன்று பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தந்த தங்கக் கையுறை விருது அவருக்கே. ஆனால் இரண்டாம் பேஸ் பக்கமாக, அவருக்கு இடப்புறம் உருண்ட பந்துகளைப் பாருங்கள். இரண்டடி எடுத்துவைத்து அவர் பாயும்போது பந்து கையுறையைத் தொடாமலே கடந்து புல்வெளிக்குப் போய்விடும். பந்து போன இடத்தை வைத்துப் போட்ட கணக்குகளில் அவர் சராசரிக்குக் கீழே.

இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லையே, ஒரே ஆட்டக்காரர் வருஷத்துக்கு ஒரு மாதிரி தெரிகிறாரே என்பது நியாயமான கேள்வி. ஒரு பருவத்தில் ஒருவர் திறமையைச் சோதிக்கும் பந்துகள் கொஞ்சம்தான். எளிய பந்துகளை எல்லோரும் பிடிப்பார்கள். ஆகவே ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்பெழுதுவதுதான் தவறு; சில வருஷங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. ஃபீல்டரை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்தவர் பயிற்சியாளர் என்றால், பெருமை யாருக்கு? கட்டக் கணக்கிடம் இதற்குச் சரியான பதில் இல்லை. 2015இல் எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்கும் வந்த 'ஸ்டாட்காஸ்ட்' என்னும் கண்காணிப்பு அமைப்பு ஃபீல்டர் நின்ற இடத்தையே பதிந்தது. ஓட வேண்டிய தூரமும் கிடைத்த நேரமும் தெரிந்தபின், நிறுத்தியவரின் பங்கையும் ஓடியவரின் பங்கையும் பிரிக்க முடிந்தது. முந்தைய தலைமுறைக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. 1980இல் ஷார்ட்ஸ்டாப் ஆஸி ஸ்மித் 621 'அசிஸ்ட்' (பந்தை எறிந்து அவுட்டாக்க உதவுவது) செய்தார். ஷார்ட்ஸ்டாப்புகளில் அதுவே இன்றும் சாதனை. ஒவ்வொன்றுக்கும் அவர் எங்கிருந்து எத்தனை அடி ஓடினார் என்பதை அன்று எந்தக் கருவியும் பதியவில்லை.