பாம்புக்குப் பெயர் இருந்த காலம்

மராட்டிய ஊரான சாகணின் வரலாற்றைக் கேட்டால் ஊர்க்காரர்கள் சங்ராம் துர்க்கத்தைக் காட்டுவார்கள். 1660இல் முகலாயத் தளபதி சாயிஸ்தகானின் பெரும்படையை எதிர்த்து ஃபிரங்கோஜி நர்சாளா ஐம்பது நாளுக்கு மேல் தாக்குப்பிடித்த கோட்டை அது. நான் பிழைப்புக்கு இங்கே வந்தவன். ஆலைத் தொழிலாளர்களுக்கு வி.ஆர். (மெய்நிகர்) பாதுகாப்புப் பயிற்சிகள் செய்து கொடுக்கிறேன். கருவியைத் தலையில் மாட்டினால் கிரேன் கொக்கி அறுந்து விழும்; ஒதுங்கத் தெரிந்தவர் தப்புவார்.

அப்பா இறந்த வருடம், துக்கத்தில் இருப்பவர்கள் எட்டு நிமிடம் ஆட ஒரு விளையாட்டைச் செய்தேன். கடற்கரை, மெல்லிய இசை, மூச்சை இழுத்துவிடச் சொல்லும் குரல். முதலில் ஆடியது அம்மா. மூன்றாவது நிமிடமே கழற்றிவிட்டு, "இதுல நான் என்னடா பண்ணணும்? பரமபதம்னாலும் பாம்பாவது கடிக்கும்" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் என்னை ஆளந்திக்கு அனுப்பியது. சாகணிலிருந்து பைக்கில் அரை மணி நேரம், இந்திராயணிக் கரை. 1296இல், 21 வயதில், ஞானேஸ்வரர் சமாதியான ஊர். பாம்பும் ஏணியும் கொண்ட மோட்சபட் ஆட்டத்தை உண்டாக்கியவர் அவரே என்பது மராட்டியர் நம்பிக்கை. ஆராய்ச்சியாளர் கைக்குக் கிடைத்த பழைய ஆட்டப் படங்களோ பெரும்பாலும் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. ஆட்டத்தை அவர் செய்தாரோ இல்லையோ, மனம் நொந்து கதவடைத்துக்கொண்டவர் என்று மராட்டிய மரபு சொல்கிறது. தகப்பனார் துறவு பூண்டு, பிறகு இல்லறத்துக்குத் திரும்பியவர்; அதற்காக ஊர் அந்தக் குடும்பத்தையே தள்ளிவைத்தது. ஏச்சு பொறுக்காமல் ஒருநாள் ஞானேஸ்வரர் குடிலின் தட்டியைச் சாத்திக்கொண்டார். தங்கை முக்தாபாய் வெளியே நின்று, கோபத்தை விட்டுத் தட்டியைத் திறக்கச் சொல்லிப் பாடியவைதான் 'தாட்டிச்சே அபங்'. அண்ணனைத் தேற்ற வந்தவள் கடற்கரையைக் காட்டவில்லை!

பழைய படங்களில் என்னை நிறுத்தியது பாம்பல்ல, கட்டங்கள். சமணர் படத்தில் 84, வைணவர் படத்தில் பெரும்பாலும் 72. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: கோபம், மயக்கம், பேராசை என்று. எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசி இரவு விழித்திருக்கப் பரமபதம் விரிப்பார்கள். பாம்பு கடித்தால் அதன் பெயரை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காயை இறக்க வேண்டும் என்பது பாட்டி போட்ட சட்டம். அழுதுகொண்டே பெயர் சொல்லி இறங்கியிருக்கிறேன். அழுகை அதோடு நின்றுவிடும்.

ஆட்டம் கப்பலேறியது. லண்டனில் எஃப்.எச். அயர்ஸ் 1892இல் தம் பெயருக்கு அதைப் பதிவு செய்தார். பாவ புண்ணியம் பிள்ளைகளின் சேட்டையாகவும் சமர்த்தாகவும் சுருங்கியது. பிறகு அதுவும் போய் வெறும் எண்கள். 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி கம்பெனி பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. குழந்தைகள் பயப்படக் கூடாதாம்.

என் கடற்கரையும் அந்தச் சறுக்குமரத்தின் வாரிசுதான். வி.ஆர். சிகிச்சையின் தொடக்கம் அப்படி இல்லை. 1995இல் அட்லாண்டாவில் பார்பரா ராத்பாமும் லாரி ஹாட்ஜஸும் வெளியிட்ட ஆய்வில், உயரம் என்றால் நடுங்குபவர்களை மெய்நிகர் லிஃப்டில் ஏற்றினார்கள், தொங்குபாலத்தில் நிறுத்தினார்கள். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்கள், பயம் தணிந்தது. சியாட்டிலில் ஹண்டர் ஹாஃப்மனின் 'ஸ்னோவேர்ல்ட்' வேறு வகை. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளி பனிப்பந்து எறிந்து விளையாடுவார், வலியின் மேல் கவனம் போகாது. கட்டு மாற்றும் நேரத்துக்கு மறதி போதும். துக்கத்துக்குப் போதாது என்பது என் கட்சி.

கடற்கரையை அழித்துவிட்டேன். இப்போது பன்னிரண்டு கட்டங்கள், ஐந்து பாம்புகள், மூன்று ஏணிகள். பெயர்களை ஆடுபவரே முதலில் தம் குரலில் சொல்லிப் பதிய வேண்டும். உச்சியில் வைகுண்டம் எதுவும் இல்லை, ஒரு திண்ணை மட்டும்.

போன வாரம் அம்மா ஆடினாள். நான்காவது கட்டத்தில் கடி விழுந்தது. "ஐசியூ வாசல்" என்று சொல்லிவிட்டு, மாட்டியதைக் கழற்றாமல் மறுபடி உருட்டினாள்.