சுங்குவார்சத்திரம், டிசம்பர் 2021: பெயர் போடாத இரண்டு செய்திகள்

இன்னைக்குப் பேசப்போறது ரொம்பப் பழைய வரலாறு இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டிப் போகிற பெங்களூரு நெடுஞ்சாலையில், சமீபத்தில் நடந்த விஷயம்தான்.

2021 டிசம்பர் 15. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில், சாப்பாடு ஒத்துக்காமல் 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதன்பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது: சில பெண்கள் இறந்துட்டாங்க, மறைக்கிறாங்க. யார் எழுதினது? தெரியாது. 17-ம் தேதி இரவு சுமார் 2,000 பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் மாவட்ட ஆட்சியரே வந்து பேசும்படி ஆனது. 67 பெண்களையும் ஒரு பத்திரிகையாளரையும் போலீஸ் பிடித்து வைத்தது. வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபர் கைதானார்.

உண்மையில் யாரும் இறக்கவில்லை. செய்தி பொய்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பொய்யை நம்பி ரோட்டுக்கு வந்துட்டாங்க, அவ்வளவுதான்னு. ஆனால் அதே மாதம், பெயர் சொல்லாத இன்னொரு செய்தியும் வெளியே வந்தது. ராய்ட்டர்ஸ் நிருபர்களிடம் சில பெண்கள் பேசினார்கள். வேலை போய்விடும், போலீஸ் வரும் என்ற பயத்தில் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரே அறையில் 30 பேர் வரை தங்குவது, கழிப்பறையில் தண்ணீர் வராதது என்று விடுதி வாழ்க்கையைச் சொன்னார்கள். டிசம்பர் 29-ம் தேதி ஆப்பிள் நிறுவனமே, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

ஆக, பெயரில்லாத ஒரு செய்தி பொய், இன்னொன்று நிஜம். என்ன வித்தியாசம்? இரண்டாவதில் பேசியவர் யார் என்று கேட்டு எழுதினவருக்குத் தெரியும். அவர் சரிபார்த்தார், தன் நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டார். தப்பாக இருந்தால் வழக்குப் போட ஒரு முகவரி இருந்தது. முதல் செய்திக்கு நடுவில் அப்படி யாருமே இல்லை. என்னைக் கேட்டால், முழு விஷயமும் இந்த நடு ஆளில்தான் இருக்கிறது.

நம்ம சட்டம் போன பாதை வேறு. 2018 மே மாதம், குழந்தை கடத்தல் வதந்தியை நம்பி, போளூர் பக்கத்தில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தது: சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கணும் என்று. ஆதாருக்கு நீதிமன்றம் இசையவில்லை. ஆனால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டது. முடியும் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. அந்த யோசனை செல்லாது என்று பதில் எழுதினார் மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசின் புதிய விதிகள் வந்தன: பெரிய செய்திச் செயலிகள், உத்தரவு வந்தால், முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வழி வைத்திருக்கணும். மே மாதமே வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த விதியை அந்த விடுதியில் வைத்துப் பாருங்க. பொய் எழுதினவரைப் பிடிக்க அது உதவலாம். ஆனால் கழிப்பறையில் தண்ணீர் வரலன்னு எழுதின பெண்ணையும் அதே கதவு வழியாகத்தான் தேடுவாங்க. வேலை, படுக்கை, சாப்பாடு மூன்றும் ஒரே இடத்தில் மாட்டியிருக்கிற ஒருத்திக்கு இது சின்ன விஷயமா?

அப்போ குழு அட்மின்தான் நடு ஆளா? அதே 2021 டிசம்பரில் மதுரைக் கிளை ஒரு தீர்ப்புச் சொன்னது. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு பதிவுக்காக அட்மின் மேலும் வழக்கு. அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால், குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்காதீர்கள் என்றது நீதிமன்றம். நியாயமான தீர்ப்புன்னுதான் எனக்குப் படுது. தப்பான ஆளை நீக்கலாம், பதிவை அழிக்கலாம். ஆஸ்பத்திரியில் யார் எப்படி இருக்கிறார் என்ற தகவல் அட்மினிடம் எங்கே இருக்கும்?

அது இருந்த இடம் வேற. தோழிகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்கலன்னு போராடிய பெண்கள் சொன்னார்கள். அந்த இடைவெளியில்தான் வதந்தி நுழைந்தது.

இங்கே செம்பரம்பாக்கம் ஏரியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். கரை உடைஞ்சிடுச்சுன்னு வதந்தி கிளம்பி, அதிகாரிகள் மறுக்க வேண்டியிருந்தது. 2020 நவம்பர் 25, நிவர் புயல். ஏரியின் முழு உயரம் 24 அடி. 22 அடியைத் தொட்டதும் திறப்போம், மதியம் 12 மணிக்கு, முதலில் 1,000 கன அடி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மதகைத் திறந்தார்கள். பொய் அன்னைக்கும் சுத்தியிருக்கும். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் கையில் இருந்தது.

ஃபாக்ஸ்கான் ஆலை 2022 ஜனவரி 12-ம் தேதி திரும்பத் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பேருக்கான பெண்கள் விடுதியை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். கட்டடத்துக்கு ஆன செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். ராத்திரி ஒருத்தியை ஆம்புலன்ஸில் ஏத்திட்டுப் போனால், அவள் எப்படி இருக்கான்னு பக்கத்துப் படுக்கைக்காரி யாரைக் கேட்கணும்? அந்தப் பேரும் நம்பரும் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கு என்பதைத்தான் அங்கே போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.