வறுசட்டியின் வரலாறு: எண்ணெய் வித்தும் நெருப்படி உழைப்பும்



நினைவுப் பேருரைகளில் போராட்டம், மாநாடு, சட்டம், தீர்ப்பு என்று பெரிய செய்திகளைப் பேசுவது நம் வழக்கம். இம்முறை ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்கிறோம். எண்ணெய் வித்தைப் பிழிவதற்கு முன் சூடாக்கும் கருவி. நேற்று அது மண்சட்டி. இன்று நீராவியில் இயங்கும் இரும்புக் கலன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி மண்ணில் ஆமணக்கு, கடலை, எள், பருத்தி என்று விளைந்த ஒவ்வொரு வித்தோடும் இந்த மாவட்டங்களின் சேரிக்கு உறவுண்டு. அந்த உறவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எங்கே விடுபட்டிருக்கிறது என்பதே இந்த உரையின் கேள்வி.

வித்துக்கு ஏன் சூடு?

வித்துக்குள் எண்ணெய் நுண்துளிகளாக, கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. சூடும் அளவான ஈரமும் பட்டால் அறைச் சுவர்கள் தளரும். புரதம் உறைந்து எண்ணெயை விட்டுக்கொடுக்கும். எண்ணெய் இளகி ஓடும். ஆகவே அதே வித்தில் கூடுதல் எண்ணெய் இறங்கும்.

எல்லா வித்துக்கும் இது ஒன்றுபோல் இல்லை. எள்ளைக் கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டும்போது உரசலில் பிறக்கும் சூடே போதும். பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு; வேகவைத்தால் அது புரதத்தோடு பிணைந்து பெருமளவு வீரியம் இழக்கும். ஆமணக்கில் இருப்பது ரிசின் என்னும் கொடிய நஞ்சு. அது எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கில் தங்கிவிடும். சூடு அதன் வீரியத்தை முறிக்கும். ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு உரமாகப் போட்ட நம் மக்களுக்கு ரிசின் என்ற பெயர் தெரியாது. அதன் குணம் தெரியும்.

கல்வெட்டில் செக்கு

தமிழக எண்ணெய் வரலாறு என்றால் செக்கின் வரலாறு என்றே ஆகிவிட்டது. சோழர் காலக் கல்வெட்டுகள் செக்கிறை என்ற வரியைச் சொல்கின்றன. எண்ணெய் வணிகரான சங்கரபாடியாரைச் சொல்கின்றன. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடுக்கப்பட்டதையும், நாள்தோறும் அளக்க வேண்டிய நெய்யையும் உழக்குக் கணக்கில் சொல்கின்றன. முதலாம் இராசேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. எப்படி வருகின்றன? சுடுகாடு, குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு, இறை கட்ட வேண்டாத நிலப் பட்டியலில். சேரி இருந்தது என்று கல்வெட்டு சொல்கிறது. சேரி என்ன வேலை செய்தது என்று சொல்லவில்லை.

மனு நூல் செக்கைப் பத்துக் கொலைக்களங்களுக்குச் சமமாக வைக்கிறது. எண்ணெய் ஆட்டுவோரை அது இழிவாக நடத்தியது. அரசோ அவர்களிடம் வரி வாங்கியது. வரி கொடுத்தவருக்குப் பெயர் கிடைத்தது, அந்தப் பெயரைச் சுற்றி ஒரு சாதிப் பெருமையும் பிற்காலத்தில் எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றதன் இயக்கம் இதுதான். இழிவுபடுத்தப்பட்டவருக்கும் கீழே இன்னொருவரைக் காட்டிவிட்டால், அவர் அந்தப் படிக்கட்டை இடிக்க வரமாட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் செக்குக்கு இன்னொரு நினைவும் சேர்ந்தது. 1908இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் நினைவுப் பொருளாக இருக்கிறது. மாட்டின் வேலையை மனிதனுக்குக் கொடுத்தது கொடுமை என்று நாடே உணர்ந்தது, சரியான உணர்வு. தலைமுறை தலைமுறையாக மாட்டோடு மாடாக உழைக்கவைக்கப்பட்ட பண்ணையாட்களைப் பற்றி அதே நாடு அவ்வளவு எளிதில் கலங்கவில்லை என்பதையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டியிருக்கிறது.

கொட்டைமுத்தும் கூலிக்காரியும்

இப்போது செக்குக்கே போகாத எண்ணெய்க்கு வருவோம். ஆமணக்கு விதையைக் கொட்டைமுத்து என்றும் முத்துக்கொட்டை என்றும் சொல்வோம். வரப்பிலும் கடலைக் காட்டு ஓரத்திலும் விளைவது. காயைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, தோல் நீக்கி, முத்தை மண்சட்டியில் வறுக்க வேண்டும். பிறகு உரலில் இட்டு இடிக்க வேண்டும். இடித்ததைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை அகப்பையால் வழித்தெடுத்து, நீர் வற்றும்வரை மறுபடி காய்ச்ச வேண்டும். வறுப்பில் பக்குவம் தவறினால் எண்ணெய் கருகும், அல்லது இறங்காது. வெப்பமானி இல்லாத அந்தப் பக்குவம் மூக்கிலும் காதிலும் விரல் நுனியிலும் இருந்தது.

செக்குக்குப் போக ஒரு அளவு வித்து வேண்டும், ஆட்டுகூலி வேண்டும், ஊருக்குள் தயங்காமல் நுழையும் உரிமை வேண்டும். படிக்கணக்கில் முத்து வைத்திருந்த கூலிக்காரிக்கு அடுப்பும் உரலும் போதும். இந்த முறை சேரிக்கு மட்டும் உரியதன்று. பல சாதி உழைக்கும் வீடுகளிலும் இருந்தது. ஆனால் செக்கும் காசும் எட்டாத வீடுகளில் இதுவே ஒரே வழி. விளக்குக்கு, தலைக்கு, பிள்ளையின் வயிற்றுக்கு, பேறுகாலத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் இந்த எண்ணெய்தான். வீட்டுக்குள் பெண் செய்ததால் அது தொழில் என்று கணக்காகவில்லை. வரி விழவில்லை, ஆகவே கல்லிலும் ஏறவில்லை.

இந்த வித்து உலகம் சுற்றியிருக்கிறது. முதல் உலகப்போர்க் காலச் சுழல் எஞ்சின் விமானங்களுக்கு உயவு எண்ணெய் ஆமணக்கெண்ணெய்தான்; ஆமணக்குக்கு முதன்மையான நாடு இந்தியா. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரி வழியாக மார்சேய் ஆலைகளுக்குப் போனது. வித்து கப்பல் ஏறியது. பறித்தவளும் உரித்தவளும் வரப்பிலேயே நின்றாள்.

கெட்டில் வந்த பிறகு

1900இல் அமெரிக்காவின் ஆண்டர்சன் திருகு அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எக்ஸ்பெல்லர் என்று நாம் அறிந்தது அதுதான். அதன் தலைமாட்டில் நிற்பது கெட்டில். இரட்டைச் சுவர் கொண்ட இரும்புக் கலன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சுவர்களுக்கிடையே நீராவி ஓடும். நடுத்தண்டில் சுழலும் தகடுகள் வித்தைக் கிளறி, தட்டுத் தட்டாகக் கீழே இறக்கி, எக்ஸ்பெல்லரின் வாயில் சேர்க்கும். வறுசட்டி, அகப்பை, பெண்ணின் கை ஆகிய மூன்றின் வேலையையும் ஒரே இரும்பு செய்கிறது.

நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். கொதிகலனைத் தகுதிச் சான்று பெற்றவர் பொறுப்பில்தான் இயக்க வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்ட ஏற்பாடு. 2025இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்தது. சான்று அவசியம், அது உயிர்காக்கும் ஏற்பாடு. நம் கேள்வி வேறு. சான்று வைத்திருப்பவர் யார்? அடுப்பில் கடலைத்தொலியும் விறகும் தள்ளுபவர் யார்? மூட்டை தூக்கி, வித்தைக் கொட்டி, தூசியைச் சுவாசிப்பவர் யார்? முதலாமவர் ஆபரேட்டர். மற்றவர்கள் எத்தனை ஆண்டு நின்றாலும் ஹெல்ப்பர். சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதன்று, உழைப்பாளரைப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதை, நெருப்பின் முன்னும் சான்றிதழின் பின்னும் நிற்கும் இந்த வரிசையில் நாம் மறுபடி பார்க்கிறோம்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 20, 40 என்று உயர்த்தியது. நான்கைந்து பேர் வேலை செய்யும் சிற்றூர் எண்ணெய் மில் பழைய வரம்புக்குள்ளும் வரவில்லை. புதிய வரம்பு அதை இன்னும் தொலைவில் தள்ளிவிட்டது.

‘சூடுபடாத’ எண்ணெய்

இன்று ஊருக்கு ஊர் மரச்செக்கு எண்ணெய்ப் பலகை தொங்குகிறது. சூடுபடாதது, சுத்தமானது, பாரம்பரியமானது என்று விளம்பரம். சூடுபடாத எண்ணெயில் மணமும் சில சத்துகளும் மிஞ்சும் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் செக்கு மட்டும் இடம்பிடித்திருக்கிறது. வறுத்து, இடித்து, காய்ச்சிய எண்ணெயும் அதே அளவு பழையது; அதற்குப் பலகையும் இல்லை, விலையும் இல்லை. சுத்தம் என்ற சொல் சந்தைக்கு வரும்போதெல்லாம் அது எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று விசாரிப்பது நம் கடமை.

செய்யவேண்டியவை இரண்டு. முத்து வறுத்த பக்குவம் தெரிந்த மூதாட்டிகள் இந்த இரு மாவட்டச் சேரிகளிலும் இன்னும் இருக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கல்லான உயிர்களுக்கு அரியலூர் வாரணவாசியில் அருங்காட்சியகம் கட்ட முடிந்த நமக்கு, உயிரோடு இருப்பவர்களின் அறிவைப் பதிவுசெய்ய முடியாதா? நம் இளைஞர்கள் ஒவ்வொரு ஊரிலும் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுத வேண்டும். அடுத்து, மில்களில் ஆண்டுக்கணக்காக நெருப்படியில் நிற்பவர்களுக்குப் பயிற்சியும் தேர்வெழுதும் வாய்ப்பும் கேட்டுத் தொழிலாளர் துறையின் கதவைத் தட்ட வேண்டும். முதல் பணிக்கு அரசாணை தேவையில்லை. இந்த அவையில் இருப்பவர்களே அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம்.

ஜெய்பீம்.