ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி

செவிடு, ஊமை என்ற சொற்களைக் கூசாமல் சொல்லி வளர்ந்தது நம் தலைமுறை. பிரெஞ்சுப் பாடத்திலும் எங்களுக்கு 'சூர்-முயே' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். செவிட்டூமை என்று பொருள். இப்போது அங்கே 'சூர்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காது கேளாதவருக்குக் குரல் இல்லாமல் இல்லை. காதில் விழாத மொழி வாயில் வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் பிரெஞ்சு நாட்டார் இன்றும் மரியாதையோடு சொல்லும் பெயர் அபே தெ லெப்பே. 1712-ல் வெர்சாயில் பிறந்த சாமியார். 1760 வாக்கில் பாரீசில் ஒரு வீட்டுக்குப் போனபோது காது கேளாத இரட்டைச் சகோதரிகளைப் பார்த்தார். படங்களைக் காட்டி அவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த சாமியார் இறந்துபோயிருந்தார். அந்த வேலையை இவர் ஏற்றுக்கொண்டார்.

அப்போது இந்தக் கல்வி அடியோடு இல்லாமல் இல்லை. பெரேர் என்ற ஆசிரியர் காது கேளாத பிள்ளைகளைப் பேசவைத்து, 15-ஆம் லூயி மன்னருக்கே காட்டியவர். ஆனால் அவர் கட்டணம் வாங்கினார். தம் முறையை ரகசியமாக வைத்துக்கொண்டார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அது எட்டியது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வழியில்லை.

லெப்பே சாமியார் முலேன் வீதியில் இருந்த தம் வீட்டிலேயே பள்ளி நடத்தினார். கட்டணம் கிடையாது. பிதுரார்ஜித சொத்தின் வருமானம்தான் பள்ளிக்கு ஆதாரம். பொதுமக்களை அழைத்துப் பாடங்களைக் காட்டினார். 1776-ல் தம் முறையைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். பணக்காரப் பிள்ளைகளை அவர் தள்ளவில்லை. ஆனால் தம் உழைப்பு ஏழைகளுக்கே என்று வெளிப்படையாக எழுதினார். முதுமையில், கடுங்குளிரில், பிள்ளைகளின் செலவுக்கு ஆகட்டும் என்று தம் அறைக்கு விறகு வாங்காமல் இருந்தார் என்றும், பிள்ளைகள் அழுது கேட்டபிறகே வாங்கினார் என்றும் சொல்வார்கள்.

பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சைகைகளைக் கவனித்து, அவற்றை வைத்தே பாடம் நடத்தியதுதான் அவருடைய பெரிய காரியம். பிரெஞ்சு இலக்கணத்துக்காக அவர் கூட்டிச் சேர்த்த சைகைகள் பாரமாகிப்போய்ப் பிற்பாடு கைவிடப்பட்டன. பிள்ளைகளின் சைகைமொழி நிலைத்தது.

1789 டிசம்பரில் அவர் காலமானார். ஒருவர் சொந்தப் பணத்தில் நடக்கும் தர்மம் அவரோடு முடிந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆனால் 1791-ல் புரட்சிக்கால தேசிய சபை சட்டம் போட்டுப் பள்ளியை அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஏழைகளுக்கு இலவச இடங்களும் ஒதுக்கியது. அரசாங்கக் கணக்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: செலவுக் கணக்கில் ஒரு தலைப்பு ஏறிவிட்டால், கொடுத்தவர் போனாலும் கொடை நிற்கும். பாரீஸ் சேன் ழாக் வீதியில் அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது.

பலனுக்கு ஓர் உதாரணம் ழான் மாசியே. போர்தோ பக்கத்துக் கிராமத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அந்த வீட்டில் ஆறு பிள்ளைகளுக்குக் காது கேளாது. ஆடு மேய்த்தவர், பதின்மூன்று பதினான்கு வயதில்தான் பள்ளிக்கு வந்தார். பிறகு பாரீஸ் பள்ளியிலேயே ஆசிரியரானார். 1792-ல் தலைமை ஆசிரியர் சிக்கார் சாமியாரைப் புரட்சிக்காரர்கள் சிறையில் அடைத்தபோது, அவரை விடுவிக்கக் கோரி சபைக்கு மனு கொண்டுபோனவர் இந்த மாசியே. மாசியேயின் மாணவர் லொரான் கிளேர் 1816-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, மறுவருஷம் ஹார்ட்ஃபர்ட் பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தார்.

1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகை வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானம் போட்டது. காது கேளாதவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை என்றே சொல்லலாம். பிள்ளைகள் விளையாட்டு நேரத்தில் ஒளிந்து சைகை பேசினார்கள். 1991-ல்தான் பிரெஞ்சுச் சட்டம் பெற்றோருக்கு மறுபடியும் சைகைமொழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தது.

காது கேளாதோருக்கு நன்கொடை கொடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கருவி வாங்கிக் கொடுப்பது நல்லதுதான். அதோடு, அந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்பதை அதனிடமும் கேளுங்கள். லெப்பே சாமியார் முதலில் செய்தது அதைத்தான்.