தோட்டத்துக் குழந்தையும் சட்டமும்

தேவிகுளம், பீர்மேடு மலைகளில் நம்மவர் உழைத்துத் தேயிலை வளர்த்த வரலாற்றை நாம் அறிவோம். தாய் கொழுந்து பறிக்கையில் குழந்தையைப் பேணுவது யார்? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதற்கு விடை கூறிற்று. ஐம்பது பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலாளியே காப்பகம் அமைக்க வேண்டியிருந்தது. அது வெளிச்சமும் காற்றோட்டமும் தூய்மையும் உடையதாய், பயிற்சி பெற்ற பெண்ணொருத்தியின் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. அதனை மேற்பார்க்க மாநில அரசின் ஆய்வாளரும் நியமிக்கப்பெற்றனர்.

ஆயினும் அச்சட்டம் பேணலைக் கூறிற்றேயன்றிக் கற்பித்தலைக் கூறவில்லை. அதன் கல்வி விதி ஆறு வயதில்தான் தொடங்கிற்று. அவ்விடைவெளியை நிரப்பும் அங்கன்வாடித் திட்டம் 1975-இல்தான் பிறந்தது. சன்னலை அளக்க ஆய்வாளர் போதும். குழந்தையின் செவியில் தாய்மொழி விழுகின்றதா என்று பார்க்க, எம்மாநிலத்தில் வாழினும், பெற்றோராகிய நாமே வேண்டும்.