தானே தோண்டிய பள்ளம்

ஹாலந்து என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டூலிப் பூக்கள், அப்புறம் காலண்டர் படத்தில் வருகிற காற்றாலை! அது மாவரைக்கத்தான் என்று நினைத்திருந்தால், பாதிதான் சரி. ராட்டர்டாமுக்குக் கிழக்கே கிண்டர்டைக் கிராமத்தில் வரிசைகட்டி நிற்கும் 19 காற்றாலைகளுக்கும் மாவுக்கும் சம்பந்தமே கிடையாது. அவை தண்ணீர் இறைக்கப் பிறந்தவை!

ஏன் இறைக்க வேண்டும்? அங்கேதான் வேடிக்கை. அந்தப் பகுதி முன்பு ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலம். செடிகொடிகள் மக்கி மக்கி உருவான, ஸ்பாஞ்சு போல ஊறிய மண். விவசாயம் செய்வதற்காக, சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன்பு மக்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடியவிட்டார்கள். பயிர் விளைந்தது. ஆனால் பிழிந்த ஸ்பாஞ்சு என்ன ஆகும்? சுருங்கும்! நிலம் மெள்ள மெள்ளக் கீழே இறங்கியது. இறங்கிய நிலத்தில் மறுபடி தண்ணீர் தேங்க, இன்னும் ஆழமாக வாய்க்கால் வெட்டினார்கள். நிலம் இன்னும் இறங்கியது! கடைசியில் பக்கத்து ஆறு உயரத்தில், வயல் பள்ளத்தில். தண்ணீர் தானாக மேலே ஏறுமா என்ன?

ஏற்றிவிடத்தான் காற்றாலைகள். கிண்டர்டைக்கில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 1738, 1740-ம் ஆண்டுகளில் கட்டப்பட்டவை. இறக்கைகள் சுற்ற, அடியில் இருக்கும் பெரிய துடுப்புச் சக்கரம் தண்ணீரை வாரி மேலே தள்ளும். அதிகம் போனால் ஒன்றரை மீட்டர்! அந்த நீர் உயரமான ஒரு தேக்கத்தில் காத்திருக்கும். ஆற்றில் மட்டம் குறைந்ததும் மதகைத் திறந்துவிடுவார்கள்.

காற்றாலைக்காரர் குடும்பத்தோடு உள்ளேயே குடியிருந்தார். நடுராத்திரியில் காற்று அடித்தாலும் எழுந்து ஓட வேண்டும், பாவம்! சில காற்றாலைகளில் இறக்கை தரையை உரசுகிற மாதிரி சுற்றும். அதனால் எதிரெதிரே இரண்டு வாசல்கள். எந்தப் பக்கம் இறக்கை சுற்றுகிறதோ, அந்தப் பக்கக் கதவைத் தொடக் கூடாது. குழந்தைகளுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்!

19-ம் நூற்றாண்டில் நீராவி பம்ப் வந்தது, பிறகு டீசலும் மின்சாரமும். காற்றாலைகளுக்கு ஓய்வு என்று நினைத்த நேரத்தில் இரண்டாம் உலகப்போர்! எரிபொருள் தட்டுப்பாட்டில் பம்ப்புகள் தடுமாற, பழைய கிழவர்களையே மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பல காற்றாலைகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, கொடியில் துணிகூடக் காய்கிறது.

பம்ப்புகள் இன்றைக்கும் இறைக்கின்றன. நிலமும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கிறது.