வெங்காயம் அரிதல்

வெங்காயம் அரிதல்: வெங்காயத்தின் தோலை உரித்து, சமைக்கும் பண்டத்துக்கேற்ற அளவில் ஒரே சீராகத் துண்டாக்கும் அடுக்களைப் பணி. மயிலம், திண்டிவனம் வட்டாரத்தில் இதற்குரிய பழைய கருவி அரிவாள்மணை, பேச்சில் அருவாமனை. கத்தியும் பலகையும் இன்று அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துவிட்டன.

அரிவாள்மணையில் அலகு அசையாது நிற்க, காயே நகர்கிறது. அரிபவர் தரையில் அமர்ந்து, மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, வெங்காயத்தை இரு கைகளாலும் பிடித்து அலகின்மேல் தள்ளுவார். பெரிய வெங்காயத்தை முதலில் வேரிலிருந்து நுனிவரை இரண்டாகப் பிளக்க வேண்டும். வேர்ப்பகுதியைக் கடைசிவரை நீக்காதிருந்தால் அடுக்குகள் குலையா. துண்டுகளும் சீராக விழும். கத்தியால் நறுக்கும்போது வெட்டுமுகம் பலகையில் படிய வேண்டும். பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்மடங்கியிருக்க வேண்டும். மழுங்கிய அலகு வழுக்குமாதலால் கூரியதைவிட ஆபத்தானது.

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் முழுதாகவும், பிரியாணிக்குப் பெரிய வெங்காயம் நீளவாக்கிலும், அடைக்குப் பொடியாகவும் சேர்க்கப்படும். கனம் ஏறுக்குமாறானால் மெல்லியவை கருகும்போதும் தடித்தவை வேகாமலிருக்கும்.

வெங்காயத்தின் செல்கள் உடைகையில் நொதிகள் கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து, கண்ணை உறுத்தும் ஆவியை உண்டாக்குகின்றன. இதற்கெனத் தனி நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்டனர். கூரிய அலகு செல்களைக் குறைவாக நசுக்குகிறது. குளிர்ந்த வெங்காயத்தில் ஆவி மெதுவாக எழும். சின்ன வெங்காயத்தைச் சிறிது நேரம் நீரில் ஊறவிட்டால் தோல் எளிதில் கழலும்.

வேலை முடிந்ததும் மடக்கு அரிவாள்மணையை மடக்கியும், மற்றதை அலகு சுவரை நோக்கியிருக்கச் சாய்த்தும் வைப்பர். தவழும் குழந்தையுள்ள வீட்டில் இது கட்டாயம்.